சவர்க்காரமா, சானிடைசரா?
மட்டக்களப்பில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாசலில் சானிடைசரைத் தேய்த்துவிட்டுத் தொட்டிலுக்குக் கை நீட்டினால் எனக்கு நெஞ்சு பதறும். காரணம், பச்சைப்பிள்ளையின் இதயத்தைத் தாக்கக்கூடிய கொக்சாக்கி பி என்ற வைரஸ். அதில் 6 வகை. எதற்கும் வெளியே கொழுப்புறை இல்லை. கொரோனாவின் கொழுப்புறையைக் குலைக்கும், சானிடைசரில் உள்ள மதுசாரம் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சவர்க்காரமும் இதைக் கொல்வதில்லைதான். ஆனால் 20 செக்கன் நுரைவரத் தேய்த்து, நகக்கண்ணையும் விடாமல், கிணற்றடியில் தண்ணீர் வார்த்துக் கழுவினால் வைரஸ் கையைவிட்டுப் போகும். மலத்தோடு வாரக்கணக்கில் வெளியேறுவது இது; பம்பர்ஸ் மாற்றிய கையைக் கட்டாயம் கழுவுங்கள்.

பெரியவருக்கு வெறும் காய்ச்சலாகக் கடந்துபோவது, பச்சைப்பிள்ளைக்கு இதயத்தசை அழற்சியாகி உயிரையே பறிக்கலாம். சானிடைசர் பஸ் பயணத்துக்கு இருக்கட்டும். காய்ச்சல், தொண்டை நோவு உள்ளவர்கள் கை கழுவினாலும் வர வேண்டாம். சுகமானபிறகு, கழுவிய கையோடு வந்து தூக்கலாம்.