ஃபிஸ்க், டஸ்கீகி: தொடக்க கால மாணவர் வாழ்க்கை

அடிமைமுறை ஒழிந்தபின் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் இரு வேறு வழிகளில் படித்தார்கள்.

நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்வி நிலையம் 1866 ஜனவரியில் பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளில் தொடங்கியது. இலத்தீன், கிரேக்கம், கணிதம் என முறையான கல்லூரிப் படிப்பு. கடன் முற்றியதும் 1871 அக்டோபரில் மாணவர் பாடகர் குழு நிதி திரட்டப் புறப்பட்டது. அந்தப் பணத்தில் எழுந்ததுதான் ஜூபிலி ஹால் என்ற கட்டடம். கோடையில் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்திய மாணவர்களில், பின்னாளில் கறுப்பின உரிமைச் சிந்தனையாளரான டு பாய்ஸும் ஒருவர்.

1881இல் தொடங்கிய அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு மாநிலம் தந்த ஆண்டுத்தொகை 2,000 டாலர், அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். ஆகவே கட்டடங்களுக்காக மாணவர்களே சேற்றில் இறங்கிச் செங்கல் அறுத்தனர். முதல் சூளையில் சுமார் 25,000 கல். சூளை சரியாக அமையாததால் அத்தனையும் வீண். இரண்டாவதும் கெட்டது. ஒரு வாரம் அணையாமல் எரிய வேண்டிய மூன்றாவது சூளை, அந்த வாரம் முடியும் தறுவாயில் ஒரு நள்ளிரவில் சரிந்தது. மறுபடி முயலப் பணமில்லாமல், டஸ்கீகியின் தலைவர் புக்கர் வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளைதான் கைகொடுத்தது.

கையில் காசே இல்லாதவருக்கு டஸ்கீகியின் இரவுப் பள்ளி பெரும் வரம்: பகலில் பத்து மணி நேர வேலை, இரவில் இரண்டு மணி நேரப் படிப்பு. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஃபிஸ்க்கின் பாடத்திட்டத்தை எட்டவே முடியாது.