காட்பாடி ஒருநாள் பயிற்சி: காலை அருமை, மதியம் சுமார்

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மாணவர் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று காட்பாடிக்குப் போனேன். கட்டணம் 300 ரூபாய்.

காலை அமர்வுக்கே அந்தப் பணம் சரியாகப் போனது. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் மாணவர், மற்றவர் ஆசிரியர் என்று பேசச் சொன்னார்கள். நான் வாயைத் திறந்ததும் "ஏன்டா தூங்குற?" என்றுதான் வந்தது. பயிற்சி கொடுத்த அம்மா நிறுத்தி, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தேன்னு கேளுங்க சார். அதுவும் தனியா கூப்பிட்டு" என்றார்.

மறுநாளே கடைசி பெஞ்சுப் பையனிடம் கேட்டேன். விடியும் முன்பே அவன் அம்மா ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுவாராம். இவன் தண்ணீர் பிடித்து, தங்கைக்குத் தலைவாரிவிட்டு வருகிறான். இரண்டு வருஷமாக அவனைச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன்!

மதியம் வேறு கதை. ஸ்லைடை அப்படியே வாசித்தார்கள். ஃபேனும் ஓடவில்லை, ஜூன் ஆனாலும் வேலூர் வெயில் வேலூர் வெயில்தானே. பிள்ளை ஒன்று சாவைப் பற்றிப் பேசினால் என்ன செய்வது என்ற முக்கியமான பகுதிக்குப் பத்தே நிமிடம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டும் 24 மணி நேரமும் இலவசம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்கே அரை நாள் வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே சாம்பார் சாதம் ஆறிப்போய் வருகிறது.