புது போர்டில் பழைய பல்லி எச்சம்

காரிமங்கலம், பாலக்கோடு, தர்மபுரி பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். டிவி தானாக அணைகிறது என்று நெட்டில் கிடைத்த நம்பருக்குப் போன் போட்டு 5,250 ரூபாயைக் கோட்டை விட்டவள் நான். எட்டாவது படிக்கும் என் பெண் மட்டும் இல்லையென்றால் டிவியும் சேர்ந்து போயிருக்கும்.

எங்கள் வீட்டு டிவி 43 இஞ்ச், சுவரில் மாட்டியது. வாங்கி மூன்று வருஷம், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்த வாரம்தான் கோளாறு ஆரம்பித்தது. அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், பட்டென்று அணைந்துவிடும். ரிமோட்டை அழுத்தினால் உடனே வரும். சில நாள் இருபது நிமிஷத்தில் அணையும், சில நாள் மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடும். ஐப்பசி மழை பிடித்த நாட்களில் தொல்லை அதிகம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டிவி தானாகவே எரிய ஆரம்பித்து, யாரோ ஒருவர் மூட்டுவலித் தைலத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து உட்கார்ந்து திருநீறு பூசிக்கொண்டார். அந்த ராத்திரியில்தான் கோளாறுக்கான விடையே இருந்தது, அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். வேறு பிளக்கில் மாட்டினேன். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்தேன். செட்டிங்ஸில் ஸ்லீப் டைமர் ஆஃபில்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு டிவி ஓடவில்லை என்றால் எங்கள் வீட்டில் தீபாவளியே இல்லை. அந்த அவசரத்தில்தான் கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர், தர்மபுரி என்று போனில் தேடினேன். முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். வாரண்டி கார்டு பீரோவில்தான் இருந்தது, அதில் கம்பெனியின் இலவச நம்பரும் அச்சாகியிருந்தது. பீரோவைத் திறக்கச் சோம்பல் பட்டதுக்குத்தான் இவ்வளவும்.

போனை எடுத்தவர் ரொம்ப மரியாதை. "கம்பெனி சர்வீஸ்தான் மேடம், நாலு ரோடு பக்கத்துல நம்ம சென்டர். விசிட்டிங் சார்ஜ் 450 மட்டும்தான்" என்றார். மறுநாள் ஒரு ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, ஆனால் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதைத் திருப்பிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வந்தவர் டிவியைப் போட்டுப் பார்க்கவே இல்லை. இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்போதிலிருந்து இப்படி, அணையும்போது என்ன ஆகிறது என்று ஒரு கேள்வி இல்லை. பையில் மல்டிமீட்டர் இருந்தது, அது பையிலேயே இருந்தது. சுவரிலிருந்து இறக்கி, குப்புறக் கட்டிலில் படுக்கப் போட்டு, பின்மூடியைக் கழற்றினார். ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்தார். "வோல்டேஜ் ஏறி மதர் போர்டு போயிடுச்சு மேடம். புதுசு 4,800. பாதி அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா நாலு நாள்ல மாட்டிடலாம்."

என் பெண் அப்போது பக்கத்தில் நின்று டிவியின் உள்ளே போனில் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். காரணமெல்லாம் ஒன்றுமில்லை, டிவிக்குள் என்ன இருக்கிறது என்று தோழிகளிடம் காட்டத்தான். "தள்ளி நில்லு பாப்பா, ஷாக் அடிக்கும்" என்று அவர் அவளை விரட்டினார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

450-ஐயும் அட்வான்ஸ் 2,500-ஐயும் ஜிபேயில் வாங்கிக்கொண்டு போர்டையும் எடுத்துப் போனார். சொன்னபடியே நாலாம் நாள் வந்தார். குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போர்டு. மாட்டினார், டிவி வந்தது, மீதி 2,300 வாங்கினார். பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டில் 'போர்டு சேஞ்ச்' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, கடைப் பெயர் கிடையாது. மூன்று மாத வாரண்டி என்றது வாய்ச் சொல்தான்.

இரண்டு நாள் டிவி அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. ஏழரை மணிக்குப் பட்டென்று அணைந்தது.

மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்தார். இந்தத் தடவை மூடியைக்கூடக் கழற்றவில்லை. திரையில் கையை வைத்து, "பேனல் சூடாகுது மேடம், உள்ளே ஷார்ட். பேனல் மாத்தினா 17,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். இதை வேணும்னா நானே 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கறேன், உங்களுக்கும் இடத்தை அடைக்காது" என்றார். ஓடுகிற டிவிதான், எப்போதாவது அணைகிறது, அவ்வளவுதான். அதற்கு 2,000 ரூபாய்! அத்தை கிட்டத்தட்டச் சரி என்றே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர்தான் போனில், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் கையை வைக்க வேண்டாம்" என்று தடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் மூலமாகக் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். 2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து சுற்றுவட்டார ஊர்களில் அந்த டிவிகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகினேன் என்றார். வந்ததும் டிவியைத் தொடவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார்.

"அணையும்போது கீழ இருக்கற சிவப்பு லைட்டும் போயிடுதா, அது மட்டும் எரியுதா?"

எரிகிறது என்றேன்.

"படம் போயி சத்தம் மட்டும் கேட்குதா?"

இல்லை, இரண்டும் போகிறது.

"அணையறது சரிங்க, தானா எரிஞ்சிருக்கா?"

அத்தை உள்ளேயிருந்து தைலக் கதையைச் சொன்னார். மெக்கானிக் சிரித்துவிட்டார். "போர்டு போன டிவி அணையும், எங்கயாச்சும் நடுராத்திரியில எந்திரிச்சு உக்காருமா? யாரோ பட்டன அழுத்தறாங்கம்மா. ரிமோட்டு இல்லேன்னா டிவியிலயே இருக்கற பட்டன்." ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு டிவியை ஓடவிட்டார். முக்கால் மணி நேரத்தில் அணைந்தது. ரிமோட் மேல் தப்பில்லை என்று முடிவாயிற்று.

அப்புறம் டிவிக்குக் கீழே டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். கம்பெனி பெயருக்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில் ஒற்றைப் பொத்தான் ஒன்று உண்டு. மூன்று வருஷத்தில் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. விரல் நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினார். காய்ந்த சந்தனம்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்களா?"

வைத்தோம். அத்தை டிவியை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, கம்பெனி பெயரின் மேல் தண்ணியாகக் குழைத்த சந்தனத்தில் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். அது வழிந்து பொத்தானுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற குட்டி சுவிட்சில் ஈரம் பட்டால் யாரும் அழுத்தாமலே அழுத்தியது மாதிரி கரண்ட் கசியுமாம். மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் கசிவும் அதிகம். நடுவில் நாலு நாள் டிவி பிரிந்து கிடந்ததில் அது கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அதனால்தான் 'புது போர்டு' போட்டதும் இரண்டு நாள் ஓடியது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

பின்மூடியைக் கழற்றி, பொத்தானிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டார். "நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மிக்சி பார்த்துட்டு வர்றேன், அதுவரைக்கும் ஓடட்டும்" என்று போனவர் நாலு மணி நேரம் கழித்து வந்தார். டிவி அதுவரை ஒருதடவைகூட அணையவில்லை.

மூடியை மாட்டப் போகும்போதுதான் என் பெண் எட்டிப் பார்த்து, "அம்மா, அதே பல்லி எச்சம்!" என்றாள். போர்டின் ஓரத்தில், அலுமினியத் தகடு ஒட்டிய இடத்தில், வெள்ளை முனையோடு ஒரு பல்லி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் போனில் முதல் நாள் எடுத்த போட்டோவைத் திறந்து காட்டினாள். அதே ஓரம், அதே எச்சம். மெக்கானிக் போட்டோவைப் பெரிதாக்கி போர்டில் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரோடு ஒத்துப் பார்த்தார். கடைசி எண் வரை ஒன்றுதான். எங்கள் போர்டையே நாலு நாள் வெளியூர் கூட்டிப் போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்டியதற்கு 4,800 ரூபாய். அந்த மனுஷன் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக்கூடக் கொண்டுவரவில்லை.

காவேரிப்பட்டணத்துக்காரர் கேட்டது 300. அத்தை வடை கட்டிக் கொடுத்தார்.

அவர் பேச்சுவாக்கில் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். டிவி அணையும்போது சிவப்பு விளக்கும் சேர்ந்து போனால் முதலில் பிளக், ஒயர், ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். பிளக் ஓட்டை தளர்ந்து கருகியிருப்பதுதான் பாதி வீடுகளில் வியாதி. அதெல்லாம் சரியாக இருந்தால் டிவிக்குள் பவர் போர்டில் கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளை) தலை உப்பியிருக்கலாம், அதுவும் சில்லறைச் செலவுதான். சத்தம் கேட்டுப் படம் மட்டும் இருண்டால் திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டை. இருட்டில் திரையின் மேல் டார்ச்சை அடித்தால் படம் மங்கலாக நகர்வது தெரியும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் டைமர், ரிமோட், இந்தப் பொத்தான். எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டிய செட்டாப் பாக்ஸும் சில டிவிகளில் தான் தூங்கும்போது டிவியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும், அதற்கு டிவியின் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும் வசதியும் அங்கேதான் இருக்கும். இதையெல்லாம் மூடியைக் கழற்றாமலே பார்க்கலாம். மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூடக் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமாம்.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. வீட்டுக்காரர் பேசியபோது, "போட்டோவெல்லாம் எனக்குத் தெரியாது சார், எல்லா போர்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் அந்த ஆள். மறுநாள் எங்கள் நம்பர்களைப் பிளாக் செய்துவிட்டார். ஒரு நாள் தர்மபுரிக்கே பஸ் ஏறிப் போய், நாலு ரோட்டிலிருந்து போனில் சொன்ன விலாசத்தைத் தேடினேன். அந்தக் கதவு எண்ணில் ஒரு செராக்ஸ் கடை. "இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளுக்கா" என்றான் கடைப் பையன். பீரோவைத் திறந்து வாரண்டி கார்டு நம்பருக்கு அடித்தேன். என் பெயரில் எந்த சர்வீஸும் பதிவாகவில்லை என்றது கம்பெனி. 1915-க்குக் கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் எதிராளி யார் என்று எழுத ஒரு பெயர், விலாசம் வேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டும் ஜிபேயில் தெரிந்த ஒரு பெயரும்தான். இது ஆன்லைன் மோசடியில் சேருமா என்று சைபர் குற்ற உதவி எண் 1930-லும் கேட்கப் போகிறேன்.

இதைப் பக்கத்துத் தெருவில் சொன்னபோது ஒரு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய டிவியைப் பேனல் போய்விட்டது என்று சொல்லி 1,500 ரூபாய்க்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அதே மரியாதையான குரல், அதே "இடத்தை அடைக்காது மேடம்". போர்டில் கிடைக்கிற 4,800 சில்லறை லாபம், டிவியைத் தட்டிப் போவதுதான் அசல் தொழில் என்று எனக்குத் தோன்றுகிறது. யாராவது உங்கள் டிவியைத் திறந்தால் போர்டின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் அடிக்கும் என்று விரட்டினாலும் இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். மாற்றிவிட்டேன் என்றால் கழற்றிய பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எங்கள் டிவிக்குப் பொத்தான் கிடையாது, ரிமோட்டில்தான் உயிர். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு சுவரில் வைப்பதாக அத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். ரிமோட் நேற்று ஒன்றரை மணி நேரம் காணவில்லை. கடைசியில் தலையணை உறைக்குள் இருந்தது.