வழக்குக்கு முந்தைய சமரசம்: எதிராளி வந்தால் நாலு ஸ்டார், வராவிட்டால் ஒன்று

வியாபார பாக்கிக்காகக் கோர்ட் படி ஏறப்போகிறவர்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. 3 லட்சத்திலிருந்து மேலே உள்ள பாக்கி என்றால் கமர்ஷியல் கோர்ட் வழக்கு, அங்கே நேராகப் போய்ப் பிராது கொடுக்க முடியாது. முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும். கமர்ஷியல் கோர்ட் சட்டத்தின் அந்தப் பிரிவை வக்கீல்கள் 12ஏ என்பார்கள். 2018-ல் வந்த பிரிவுதான், ஆனால் இது கட்டாயம், செய்யாமல் வந்த பிராதை நிராகரிக்க வேண்டும் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் கம்பெனி வழக்கில் 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். அவசர இடைக்கால உத்தரவு கேட்கும் வழக்குக்கு மட்டும் இந்தச் சமரசம் வேண்டாம், அதை வைத்து அப்படி ஒரு வரி சேர்த்து நழுவப் பார்த்தவர்களுக்கும் 2023-ல் யாமினி மனோகர் வழக்கில் ஆப்பு வைத்தாயிற்று, அவசரம் நிஜமா என்று கோர்ட்டே பார்க்கும்.

நான் நூல் வியாபாரி. சிறு உற்பத்தியாளராக இருந்தால் சிறுதொழில்களின் பாக்கிப் புகாருக்கான எம்எஸ்எம்இ சமாதான் தளத்துப் பக்கம் போயிருப்பேன், பணம் தர 45 நாள் கெடு, வங்கி விகிதத்தில் மூன்று மடங்கு வட்டி எல்லாம் அங்கே உண்டு. வாங்கி விற்கிற எங்களுக்குச் சிறுதொழில் பதிவான உத்யம் நம்பர் தருவார்கள், அந்தப் பாதுகாப்பைத் தரமாட்டார்கள். என்ன நியாயமோ!

செலவு பரவாயில்லை. மனுவுக்கு 1,000 ரூபாய். பாக்கி 10 லட்சத்தைத் தாண்டி 50 லட்சம் வரை என்றால் சமரசக் கட்டணம் 30,000, அதுவும் இரண்டு தரப்பும் பாதிப் பாதி. 14 லட்சத்துக்கு வழக்குப் போட்டால் நம்மூரில் கோர்ட் ஃபீஸே 3 சதவீதம், 42,000 ஆகிவிடும், வக்கீல் ஃபீஸ் தனி.

முதலில் நான் இழுத்த பார்ட்டி நோட்டீஸை மதிக்கவே இல்லை. கடைசி நோட்டீஸும் போனது, ஆள் வரவில்லை, ‘நான்-ஸ்டார்ட்டர்’, அதாவது சமரசம் தொடங்கவே இல்லை என்று ஒரு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை வைத்து வழக்குப் போடலாம், இதில் போன நாட்கள் மூன்று வருடக் காலவரையறைக் கணக்கில் சேராது, சரி. ஆனால் வராதவருக்கு அந்த ரிப்போர்ட்டால் ஒரு மயிரிழையும் குறையவில்லை. இந்த சேவையின் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொரு பனியன் கம்பெனிக்காரர் வந்தார், அங்கேதான் இதன் அருமை தெரிந்தது. நூல் மட்டம், துணியில் கோடு விழுந்துவிட்டது என்று ஆரம்பித்தார். மீடியேட்டர் ஓய்வுபெற்ற நீதிபதி, தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்கு இங்கே இல்லை. மெதுவாக, “அப்போ டெபிட் நோட் போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். சரக்கில் குறை என்றால் பில்லில் கழிக்கச் சொல்லிப் போடும் சீட்டு அது, அவர் போடவில்லை. அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது ரகசியம், கோர்ட்டிலும் யாரும் எடுத்துச் சொல்லக்கூடாது. என் ஊகம், ஜிஎஸ்டி விஷயம் வந்திருக்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் எடுத்த ஐடிசியை, அதாவது பில்லில் கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த வரவை, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டுமே. திரும்பக் கூப்பிட்டபோது கோடு விழுந்த கதை காணாமல் போயிருந்தது, எத்தனை தவணை என்பதுதான் பேச்சு. வட்டியில் பாதியை விட்டேன், அசலில் பைசா விடவில்லை.

மூன்று மாதம்தான் கெடு, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். தேதிக்கு மேல் தேதி வாங்கி இழுக்க முடியாது என்பது எனக்குப் பிடித்தது. காத்திருக்கும் இடத்தில் ஃபேன் கூட ஒழுங்காகச் சுற்றாதது பிடிக்கவில்லை.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் கறாராகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டால் அதற்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்குச் சமமான மதிப்பு, மீறினால் புது வழக்கு வேண்டாம், நேராக நிறைவேற்று மனுதான். அதனால் ஒரு தவணை தவறினால் மொத்தமும் விட்ட வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற வரியை எழுத வைக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.