மூன்று மழைக்காலம் தாண்டிய படச் சட்டங்கள்: மும்பை வீட்டுக்கு எது சரி?

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஃபிரேம் கடைக்குள் நுழைந்தால் கண் போவது சட்டம் செய்யும் பட்டிகளின் மாதிரிகள் மேல்தான். தங்கப் பூச்சா, தேக்கு நிறமா என்று அரை மணி நேரம் ஓடிவிடும். படத்தைச் சுற்றி வரும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டையான மவுன்ட் போர்டுக்கு ஒரு நிமிஷம். பின்னட்டை என்ன என்று யாரும் கேட்பதே இல்லை. மூன்று ஜூலை கழித்துக் கழற்றிப் பார்த்தால், கெட்டுப்போனது பெரும்பாலும் அந்தக் கேட்காத இரண்டும்தான்.

சாதா மவுன்ட் போர்டு மரக்கூழில் செய்தது. ஜன்னலைச் சுற்றி 45 டிகிரியில் சீவிய சரிவு முதலில் பளிச்சென்று இருக்கும்; பிறகு மெல்ல டீக்கறை நிறத்துக்கு வரும். கூழில் மிஞ்சிய லிக்னின் என்ற மரப்பொருளிலிருந்து அமிலம் கசிவதன் அடையாளம் அது. அதே அமிலம் படத்தின் ஓரத்திலும் பழுப்புக் கோடு போடும். கோடு விழுந்தால் விழுந்ததுதான். கையால் வரைந்த ஓவியம், தாத்தா காலத்துப் புகைப்படம் என்றால் ஆசிட்-ஃப்ரீ போர்டே கேளுங்கள். முன்னால் அதைப் போட்டுவிட்டு, பின்னால் ஹார்ட்போர்டு நேராகப் படத்தைத் தொட்டால் காசு தண்டம். நடுவில் இன்னொரு ஆசிட்-ஃப்ரீ அட்டை வேண்டும். அடுத்த வருஷம் மாற்றப்போகும் போஸ்டருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

அளவுக்கு ஏ4 படத்தையே எடுத்துக்கொள்வோம்: 210 × 297 மி.மீ. ஜன்னல் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. உள்ளே வர வேண்டும், அதாவது 204 × 291. மேலேயும் பக்கங்களிலும் 60, கீழே 70 விட்டால் போர்டின் வெளியளவு 324 × 421. கீழே அந்த 10 கூடுதல் இல்லாவிட்டால் படம் நழுவி இறங்கியது போலத் தெரியும். சட்டத்தின் உள்ளளவு 327 × 424. மழைக்கால ஈரத்தில் அட்டை விரியும். இந்த 3 மி.மீ. இல்லையென்றால் விரிய இடமில்லாமல் அலை அலையாகப் புடைக்கும். கண்ணாடி 2, மவுன்ட் 1.5, பின் அட்டை 1.5, ஹார்ட்போர்டு 3 என்று கூட்டினால் 8 மி.மீ. ஆகவே இவை எல்லாம் உட்காரும் பள்ளம், அதாவது பட்டியின் உள்காடி, 10 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும்.

படத்தை முழுக்கப் பசை தடவி ஒட்டச் சொல்லாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய காகிதப் பட்டையும் மைதாக் கூழும் வைத்து இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் போதும். செல்லோ டேப் மஞ்சள் கறையை விட்டுவிட்டு உதிரும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை, பூமாலை. பெரியவர்கள் படத்துக்குப் போடும் ஈர மல்லிகைச் சரத்திலிருந்து தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்க்காடியில் தேங்கும்; அங்கிருந்து மவுன்ட் அதை உறிஞ்சும். கீழ் ஓரத்தில் மலைத்தொடர் போல ஒரு கறை ஏறியிருந்தால் காரணம் அதுதான். கண்ணாடி, மவுன்ட், பின் அட்டை மூன்றையும் சேர்த்து விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிய பிறகு சட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். மாலைக்குத் தனி ஆணி, சரம் கண்ணாடியைத் தொடாத மாதிரி.

கண்ணாடியும் படமும் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய புகைப்படத்தின் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் முகத்தோடு வரும். மவுன்ட் தரும் இடைவெளி இதற்கும்தான். 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் சில வீடுகளில் சரிகையும் சம்கியும் ஒட்டி இருக்கும். அவற்றுக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் ஒற்றை மவுன்ட் போதாது, காடிக்குள் தனியாக ஸ்பேசர், அதாவது கண்ணாடியைத் தள்ளி நிறுத்தும் பட்டை, வைக்க வேண்டும்.

பட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிந்தெடிக் பட்டி ஈரத்துக்கு அசையாது, கரையானும் தொடாது. ஆனால் கிட்டப் போனால் பிளாஸ்டிக் என்று தெரியும். நன்றாகக் காய்ந்த தேக்கு அழகு. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மட்டும் வேண்டாம், ஊதிவிடும். 2 × 3 அடிப் படத்துக்கு 3 மி.மீ. கண்ணாடியே 4 கிலோவைத் தாண்டும். அக்ரிலிக் அதில் பாதி. ஆனால் கரிக்கோல் ஓவியத்துக்கு அக்ரிலிக் ஆகாது, அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும்.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் ஓதம் ஏறும். முடிந்தால் உள்சுவரில் மாட்டுங்கள். இடமில்லையென்றால் கீழ் மூலைகள் இரண்டிலும் 5 மி.மீ. கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும். அக்டோபரில் ஒருமுறை இறக்கி, சட்டத்தின் பின்பக்கம் ஓரத்தை மூடியிருக்கும் டேப்பைப் பாருங்கள். ஒரு மூலை எழும்பியிருந்தால் வெள்ளிப்பூச்சி நுழைவது அந்த வழியாகத்தான். அரை அடி புது டேப் போதும்.