திருகோணமலை வெக்கையில் ஸ்டார்லட் ஜிடி டேர்போ: நீண்டகாலப் பாவனையும் மொடிஃபிகேஷனும்

டொயோட்டா ஸ்டார்லட் ஈபி82 ஜிடி டேர்போவைப் பற்றி இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. அவர்கள் சொல்லும் 0.9 பார், ஒரு பார் பூஸ்ட் (டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கதைகளை அப்படியே திருகோணமலையில் செய்து பார்த்தால், ஒரு கச்சான் காற்றுக் காலம் முடியுமுன் ஹெட் கேஸ்கட்டோ பிஸ்டனோ போய்விடும். இந்தக் காரை இங்கே வருஷக்கணக்கில் ஓட வைக்க வேண்டுமென்றால் காசு போகவேண்டிய ஒழுங்கு வேறு. முதலில் வெக்கை, அடுத்தது உப்பு, பூஸ்ட் கடைசி.

1989 இறுதியிலிருந்து 1995 வரை வந்த மொடல் இது. 1331 சிசி 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், 16 வால்வ், சிடி9 டேர்போ, பொனட் மூக்குக்கு (பொனட்டின் மேல் காற்று வாங்கும் திறப்பு) கீழே, டேர்போவிலிருந்து வரும் சூட்டுக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர். கம்பனிக் கணக்கில் நிமிடத்துக்கு 6400 சுற்றில் 135 குதிரைவலு, 4800 சுற்றில் 157 நியூட்டன் மீற்றர். அதைச் சுமக்கும் உடம்பு 830 கிலோ அளவுதான். 3000 சுற்றைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையை இழுப்பதும், இரண்டாம் கியரில் முன் டயர் கத்துவதும் அதனால்தான். டாஷ்போர்டில் லோ, ஹை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லோவில் பூஸ்ட் 0.4 பார் அளவில் நிற்கும், ஹையில் 0.65 பார் அளவில். தேவையில்லாத சாமான் என்று அதன் வயரைக் கழற்றிவிட்ட கார்கள் நிறைய உண்டு. வாங்கினால் முதலில் அதைத் திருப்பிப் பொருத்துங்கள்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. இந்த வயதுக் காரை இனி வெளியிலிருந்து இறக்க வழியில்லை, ஏற்கெனவே நாட்டில் பதிந்து ஓடுவதைத்தான் தேடவேண்டும். சேஸிஸ் இலக்கம் ஈபி82 என்று தொடங்குவது மட்டும் ஜிடி என்பதற்கு ஆதாரம் இல்லை, டேர்போ இல்லாத 1.3 ஸ்டார்லட்டுக்கும் அதே எண்தான். சாதாரண உடம்பில் ஹாஃப்-கட் (வெட்டிக் கொண்டுவந்த பாதிக் கார்) ஒன்றின் எஞ்சினை இறக்கிய கார் என்றால் அது பிழையில்லை. ஆனால் சிஆர் எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது பார்க்கப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு தடவை நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீல். ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் விட்டு மிதிக்கும்போது புகை மேகமாக வந்தால் டேர்போ சீல், அல்லது டேர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாயில் அடைப்பு. பாரம் இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்து, நாலு சிலிண்டருக்குள்ளும் வித்தியாசம் ஒரு பாருக்கு மேல் இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

இனி வெக்கை. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் அடிக்கும் நாட்களில் பகல் 35 பாகை என்பது இங்கே சாதாரணம். இந்த எஞ்சினில் டேர்போ முன்பக்கம், ரேடியேற்றருக்கு நேர் பின்னால் இருக்கிறது. இன்டர்கூலரோ எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது. கார் ஓடும்போது பொனட் மூக்கால் காற்று வரும். நின்றால் கீழிருந்து வரும் சூடு முழுவதையும் இன்டர்கூலர் உறிஞ்சிக்கொள்ளும். ரயில் கடவையில் கேற் போட்டுப் பத்து நிமிடம் நின்ற பிறகு பொனட்டைத் தூக்கி இன்டர்கூலரின் பக்கத் தொட்டியில் கை வைத்துப் பாருங்கள், வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள். அந்த நிலையில் கேற் திறந்ததும் முழு பூஸ்டில் மிதிப்பவர்தான் எஞ்சினைக் கொல்கிறார். உள்ளே போகும் காற்று கொதிக்கிறது, எரிபொருள் தானாகவே முந்தி வெடிக்கிறது, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல நொக் கேட்கிறது. நொக் சென்சர் டைமிங்கை (பிளக் தீப்பொறி அடிக்கும் நேரத்தை) பின்னுக்கு இழுத்து ஓரளவுதான் காப்பாற்றும். லோ சுவிட்சுக்கு இதுதான் இடம். நின்று எடுத்தால் இரண்டு கிலோமீற்றராவது லோவில் ஓடி இன்டர்கூலரை ஆறவிட்டு, பிறகு ஹைக்குப் போடுங்கள்.

இதைக் குறைக்க மலிவான வேலை ஒன்று. பொனட் மூக்குக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஸ்பொஞ்ச் சீல் முப்பது வருஷத்தில் பொடியாகியிருக்கும். அது இல்லாவிட்டால் மூக்கால் வரும் காற்று இன்டர்கூலருக்குள் இறங்காமல் பக்கத்தால் போய்விடும். தண்ணீர் உறிஞ்சாத, 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஃபோம் பட்டியை வெட்டி நாலு பக்கமும் ஒட்டி, பொனட்டை மூடும்போது சற்று நசுங்கும்படி வையுங்கள். டேர்போவின் மேல் இருக்கவேண்டிய தகர வெப்பத்தடுப்பு பல கார்களில் இல்லை, போல்ட் கறள் பிடித்து உடைந்ததும் கராஜில் எறிந்துவிடுவார்கள். அதைத் தேடிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் தகரத்தில் அடித்தாவது போடுங்கள். எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குத் துணிப் பட்டி சுற்றுவது மட்டும் வேண்டாம். வார்ப்பிரும்பு அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், பட்டி உப்பு ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். ஏற்கெனவே வெடிக்கும் பழக்கமுள்ள சிடி9 ஹவுசிங் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுபோகும் சத்தம் அந்த வெடிப்பின் அடையாளம்.

முன் பம்பருக்குள் பெரிய இன்டர்கூலர் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். உள்ளே போகும் காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் வரும் காற்றை அது மறிக்கிறது. கொழும்பு வரைக்கும் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் ஏசி போட்டு ஓடும் காருக்கு இது நட்டமான வியாபாரம். 0.8 பாருக்குள் நிற்பதாக இருந்தால் மேலே இருக்கும் இன்டர்கூலரே போதும்.

தண்ணீர்ப் பக்கத்தில் மூன்று விஷயம். இங்கே கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு, குழாய்க் கிணற்றிலும் பல இடங்களில் அப்படித்தான். அதை ரேடியேற்றரில் ஊற்றினால் அலுமினிய ஹெட்டின் வாய் அரித்துக் கேஸ்கட் கசியும். பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றவேண்டும். அடுத்தது தேர்மோஸ்டாட். 'சூடு நாடுதானே, கழற்றிவிடுவோம்' என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, குளிராக இருக்கிறது என்று நினைத்து இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர்) பெற்றோலை அதிகமாக ஊற்றும். கரி படியும், ஒயிலில் பெற்றோல் கலக்கும், புகைப் பரிசோதனையிலும் விழுவீர்கள். மூன்றாவது ரேடியேற்றர் மூடி. 0.9 பார் மூடியே போடுங்கள். 1.3 பார் மூடி கொதிநிலையை உயர்த்தும் என்பது உண்மைதான், ஆனால் பழைய ஹீற்றர் குழாய்களுக்கும் ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டிக்கும் அந்த அழுத்தம் தாங்காது.

ஒயிலுக்கு 4 லீட்டர் கேன் ஒன்று போதும், மிச்சமும் வரும். 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40, 5000 கிலோமீற்றருக்கு ஒரு தரம், ஃபில்டரோடு. வேகமாக ஓடி வந்தால் கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓடி, ஒரு நிமிடம் விட்டு நிறுத்துங்கள். சாவியை எடுத்த பின்னும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடும் டேர்போ டைமர் வாங்கும் காசுக்கு இரண்டு தரம் ஒயில் மாற்றலாம்.

பெற்றோல். ஜப்பானில் இந்த எஞ்சினுக்கு ஊற்றும் பிரீமியத்துக்கு அந்த நாட்டுத் தரப்படி ஒக்டேன் 96க்குக் குறையக் கூடாது. எங்கள் ஷெட்டுகளில் பொதுவாகக் கிடைப்பது 92, 95. ஆகவே 95 கட்டாயம், அதிலும் ஒரு படி குறைவில்தான் ஓடுகிறோம் என்ற நினைவு வேண்டும். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும் ஊரிலேயே சில நாட்களில் 95 தேடித் திரிய வேண்டியிருப்பது வேறு கதை. கிடைக்காமல் 92 ஊற்றினால் அந்தத் தாங்கி முடியும்வரை லோவிலேயே ஓடுங்கள். பிளக் என்ஜிகே பிகேஆர்7ஈ, இடைவெளி 0.7 மில்லிமீற்றர். வழமையான 6ஐ விட இது ஒரு படி குளிர். டைமிங் பார்க்கும்போது டயக்னொஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைத்துவிட்டு லைட் பிடித்தால் 10 பாகை காட்டவேண்டும். இணைக்காமல் பார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் எல்லாம் பிழைக்கும். அதே இணைப்போடு சாவியை ஒன் பண்ணினால் செக் எஞ்சின் விளக்கு மின்னிக் கோட் சொல்லும். 22 தண்ணீர்ச் சூட்டு சென்சர், 31 மேப் சென்சர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), 52 நொக் சென்சர். 52 வருகிற காரை பூஸ்டில் ஓட்டவே கூடாது.

பூஸ்டைத் தொடுமுன் வேலை செய்யும் ஒரு பூஸ்ட் கேஜும், முடிந்தால் காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றர் ஒன்றும் போடுங்கள். அதற்குப் பிறகு ரப்பர். வேஸ்ட்கேட் என்பது பூஸ்ட் அளவுக்கு மிஞ்சாமல் புகையை டேர்போவுக்குப் பக்கத்தால் விடும் கதவு, அதைத் திறப்பது ஆக்சுவேற்றர். அந்த ஆக்சுவேற்றருக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்தால் பூஸ்ட் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஆக்சுவேற்றருக்கு அழுத்தம் போகாவிட்டால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். எஞ்சின் சுற்றியுள்ள வெக்கூம் குழாய் அனைத்தையும் 4 மில்லிமீற்றர் சிலிக்கன் குழாயால், ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது எங்கே போனது என்று தேடியே பொழுது போகும்.

கசிவு பார்க்க ஒரு கருவியை வீட்டிலேயே செய்யலாம். டேர்போவின் வாய்க் குழாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி, அதில் ஒரு துளை, துளையில் டியூப்லெஸ் டயர் வால்வ். ஏர் கிளீனர் பக்கக் குழாயைக் கழற்றி அந்த மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, ஒயில் மூடியையும் திறந்துவிட்டு, காற்றுப் பம்பால் 0.7 பார் மெல்ல ஏற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போனால் நுரைக்கும் இடம்தான் ஓட்டை. இன்டர்கூலர் முழங்கைக் குழாய்களின் கிளிப்பிலும், திறாட்டில் அச்சிலும், இன்ஜெக்டர் அடிச் சீலிலும் அதிகம் வரும். இந்த எஞ்சின் காற்றை மேப் சென்சரால் அளக்கிறது. அதனால் கசிந்தாலும் கலவை பெரிதாகக் கெடாது, காரும் ஓடும். ஆனால் அதே பூஸ்டைக் கொடுக்க டேர்போ கூடச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். இதே காரணத்தால் வெளியே ஊதும் புளோ-ஒஃப் வால்வ் போட்டாலும் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. பொலிஸ் செக்பொயின்ரில் சத்தம்தான் பிரச்சினை.

எக்ஸோஸ்ட்டை இரண்டேகால் அங்குலத்துக்கு மாற்றுவது நல்ல மாற்றம், பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் சிடி9இன் வேஸ்ட்கேட் துளை சிறியது. வழி திறந்ததும் உயர் சுற்றில் பூஸ்ட் தானாகவே 0.65ஐத் தாண்டி ஊரும், கேஜ் முதலில் வேண்டும் என்றது அதற்காகத்தான். 0.8 பாரைத் தாண்டினால் இசியூ பெற்றோலை நிறுத்தும் ஃபியூவல் கட்டுக்குக் கிட்டப் போகிறீர்கள். முகத்தில் அறைந்தது போல கார் நிற்கும். அதை ஏமாற்ற விற்கும் ஃபியூவல் கட் டிஃபென்டர் என்ற சின்னப் பெட்டியை வாங்காதீர்கள். அது மேப் சென்சர் சொல்வதை ஒரு அளவுக்கு மேல் மறைக்கிறது. உண்மையான பூஸ்ட் ஏறும்போது பெற்றோல் ஏறாது, டைமிங்கும் குறையாது. சிக்னலைக் குறைத்துக் கலவையை மெலிதாக்கும் பிக்கிபேக் என்ற துணைப் பெட்டியிலும் இதே கண்ணி உண்டு. எஞ்சினுக்குப் பாரம் குறைவு என்று நினைத்து இசியூ டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். 0.8க்கு மேல் போகவேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: பெரிய இன்ஜெக்டர், புதிய பம்ப், ட்யூன் பண்ணக்கூடிய தனி இசியூ, பூஸ்டில் காற்று-பெற்றோல் கலவை 11.5க்கும் 12க்கும் இடையில். அந்தச் செலவு காரின் விலையில் பெரிய பங்கு. இந்த உடம்புக்கு, இந்த பெற்றோலுக்கு, இந்த வெக்கைக்கு அது வேண்டாம் என்பதே என் முடிவு. 0.7 பாரில் நன்றாக மூச்சு விடும் ஜிடி, ஹொரவப்பொத்தானைப் பாதையில் தேவைக்கு மேல் வேகம்.

உப்பு மெதுவாகத் தின்னும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பாதையில் ஓடினால் வாடைக் காலத்தில் காற்றிலேயே உப்பு வரும். கறள் தொடங்கும் இடங்கள்: பற்றரித் தட்டின் கீழ், பின் சில்லு வளைவின் உள் மடிப்பு, கதவுக்குக் கீழ் சில், பெற்றோல் ஊற்றும் குழாயின் கழுத்து, பிரேக் குழாய் கிளிப்புகள். பிரேக் குழாயில் கிளிப்பைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும், பக்கத்தில் பளபளப்பாக இருக்கும் குழாய் கிளிப்புக்கு உள்ளே பாதியாகத் தேய்ந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிப்பது கறளைத் தடுக்கும்தான், ஆனால் புஷ் ரப்பர் எல்லாம் ஊறிப் பிசுபிசுக்கும். கதவுக்குக் கீழுள்ள சில் பெட்டியின் உட்புறத்துக்கு கவிட்டி வாக்ஸ், வெளியே அண்டர்கோட். எஞ்சின் ஏர்த் வயர்கள் இன்டேக் மனிஃபோல்டில் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்குங்கள். காரணம் தெரியாமல் ஐட்லிங் ஏறி இறங்கும் பல கார்களுக்கு மருந்து அதுதான்.

கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 75டபிள்யூ-90, இரண்டு லீட்டருக்குச் சற்றுக் குறைய. கையிருப்பில் உள்ள ஜிஎல்-5ஐ ஊற்றினால் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. டயர் கம்பனியில் 175/60 14. 15 அங்குல ரிம் போடலாம், 16 போட்டால் எங்கள் உள்வீதிக் குழிகளில் ரிம் வளையும். சாமான் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில்தான் தேடவேண்டும். டேர்போ கேஸ்கட் செட், ஆக்சுவேற்றர் குழாய், ஒயில் ரிட்டர்ன் கேஸ்கட் மூன்றையும் தேவைக்கு முன்னமே வாங்கி வீட்டில் வையுங்கள்.

இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே பூஸ்டை மறந்துவிடுங்கள், காட்டு யானை வளைவுக்கு அப்பால் நிற்கும். வருஷாந்தப் புகைப் பரிசோதனைக்கு எஞ்சினைக் குறைந்தது அரை மணிநேரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு, லோவில், புதிய ஏர் ஃபில்டரோடு போங்கள். அப்படியும் விழுந்தால் கலவையைத் தொடுமுன் ஒக்சிஜன் சென்சரையும் தண்ணீர்ச் சூட்டு சென்சரின் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.