வயதான கிக்கர்: அணி விசுவாசமா, ஊதியக் கணக்கா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணி ஒவ்வொன்றிலும் உள்ள 53 வீரர்களில் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி சேர்ப்பவர், பெரும்பாலும் ஒருவர்தான். மற்ற இடங்களில் ஆடுபவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டும்போதே ஓய்வை நெருங்கிவிட, கிக்கர் மட்டும் நாற்பது வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் களத்தில் நிற்கிறார். அதனால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தன் சீருடையை அணிந்த மூத்த கிக்கரை அவர் கேட்கும் ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வதா, கல்லூரியிலிருந்து வரும் இளைஞரைக் குறைந்த ஊதியத்துக்கு எடுத்துக்கொண்டு மிச்சப்படும் பணத்தை வேறிடத்தில் செலவிடுவதா என்று ஒவ்வோர் அணியும் என்றாவது முடிவுசெய்தே ஆக வேண்டியிருக்கிறது. இரண்டு வழியிலும் சென்ற அணிகளின் அனுபவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சிக்கனத்துக்காக மூத்தவரை அனுப்பியவர்களே அதிகம் இழந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 1994 முதல் என்எஃப்எல்லில் ஊதிய உச்சவரம்பு இருக்கிறது; 2024 பருவத்துக்கு அது அணி ஒன்றுக்கு 25.54 கோடி டாலர். அந்த ஆண்டு கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஹாரிசன் பட்கர் கையெழுத்திட்ட நான்காண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 64 லட்சம் டாலர் என்ற கணக்கில், கிக்கர்களிலேயே மிக உயர்ந்த ஊதியமாக அமைந்தது. அதாவது, அப்போது மிக அதிகம் வாங்கிய கிக்கருக்குக்கூட உச்சவரம்பில் ஏறத்தாழ இரண்டரை சதவீதம்தான் போனது. அதே ஆண்டு டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்குக் கிடைத்தது ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி டாலர். புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஊதியம் அப்போது 7 லட்சத்து 95 ஆயிரம் டாலர் என்பதால், மிக விலையுயர்ந்த கிக்கரை அனுப்பிவிட்டு இளைஞரை எடுத்தாலும் 56 லட்சம் டாலருக்குச் சற்று மேல்தான் மிச்சமாகும். பல ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் அனுப்பினால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. முன்பணமாகக் கொடுத்து ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதிய தொகையின் பாக்கி, ஆடாத வீரரின் பெயரில் உச்சவரம்புக் கணக்கில் ஏறிவிடும்.

உச்சவரம்பு வந்த மறு ஆண்டே இந்தக் கணக்கின் விலையை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி கொடுத்தது. 1982 முதல் தனக்காக ஆடிய டென்மார்க்கில் பிறந்த மார்ட்டன் ஆண்டர்சனை, 35 வயதை நெருங்கிய நேரத்தில், செலவைக் குறைப்பதற்காக 1995இல் விடுவித்தது. அவர் சேர்ந்தது பரம எதிரியான அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியில். அதே ஆண்டு டிசம்பரில் பழைய அணிக்கு எதிராகவே ஒரே ஆட்டத்தில் 50 யார்டும் அதற்கு மேலும் தூரமுள்ள மூன்று ஃபீல்டு கோல்களை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி பெறுவது) அடித்தார். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. 47 வயதுவரை ஆடிய அவர் 2017இல் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

சிக்கனக் கட்சியினர் இதற்குப் பதிலாக எப்போதும் காட்டுவது நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை. பனி கொட்டிய 2002 ஜனவரி இரவில் ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு எதிராக 45 யார்டு உதையால் ஆட்டத்தைச் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் வென்றும் கொடுத்த ஆடம் வினாட்டேரி, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு சூப்பர் பவுல்களை, அதாவது லீக்கின் இறுதிப் போட்டிகளை, கடைசி நொடிகளின் உதையால் வாங்கித் தந்தவர். அப்படிப்பட்டவர் 2006இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குச் சென்றபோது, பேட்ரியாட்ஸ் நிர்வாகம் அவரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குப் பணம் வைக்கவில்லை. மாறாக, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வின் நான்காம் சுற்றில் ஸ்டீபன் கோஸ்ட்கோவ்ஸ்கியை எடுத்தது. அவர் 14 பருவங்கள் ஆடி, வினாட்டேரியையும் தாண்டி அந்த அணிக்காக அதிகப் புள்ளிகள் எடுத்தவரானார். இதைவிட வெற்றிகரமான மாற்றத்தைக் காட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த முதல் பருவத்திலேயே வினாட்டேரி கோல்ட்ஸுக்காக பிளேஆஃப் என்னும் நாக்அவுட் ஆட்டங்களில் 14 ஃபீல்டு கோல்கள் அடித்தார். அவற்றில் ஐந்து, பால்டிமோர் ரேவன்ஸை 15–6 என்று வென்ற ஆட்டத்தில் அந்த அணி எடுத்த புள்ளிகள் அனைத்தும். வழியில் பேட்ரியாட்ஸையும் 38–34 என்று தோற்கடித்துக் கோல்ட்ஸ் சூப்பர் பவுல் வென்றது. நல்ல வாரிசு கிடைத்த பிறகும் பழையவரை இழந்ததற்கு ஒரு விலை இருந்தது என்பதை இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அதே அணி 2023இல் அதே வழியை மறுபடி முயன்றது. 2021இல் 39 முயற்சிகளில் 36ஐ வெற்றியாக்கிய நிக் ஃபோக்குக்கு அப்போது 38 வயது. மீண்டும் நான்காம் சுற்றில் சாட் ரைலண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஃபோக்கை ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வு உரிமைக்காக டென்னசி டைட்டன்ஸிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் ரைலண்ட் 25 முயற்சிகளில் 16 மட்டுமே அடித்தார்; நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 10–7 என்று தோற்ற ஆட்டத்தின் முடிவில் அவர் தவறவிட்டது வெறும் 35 யார்டு உதை. டென்னசியில் ஃபோக் 30க்கு 29 அடித்தார். அடுத்த கோடையில் ரைலண்டையும் அணி விடுவித்தது. இரண்டு முறையும் நிர்வாகம் ஒன்று, நம்பிய கொள்கை ஒன்று, செலவிட்ட தேர்வும் ஒரே சுற்று. அப்படியிருக்க, 2006இன் வெற்றியைக் கொள்கையின் வெற்றி என்று எப்படிச் சொல்ல முடியும்? நல்ல கிக்கரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது.

சிகாகோ பேர்ஸ் ரசிகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அணியின் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்த ராபி கூல்டை, 2016 பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், 33 வயதில் விடுவித்தார்கள். முந்தைய பருவத்தின் இறுதியில் அவர் சில முக்கிய உதைகளைத் தவறவிட்டது உண்மை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறிக்கொண்டே இருந்தனர். 2017 டிசம்பரில் கூல்ட் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் சீருடையில் சிகாகோ மைதானத்துக்கே திரும்பி வந்து, ஐந்து ஃபீல்டு கோல்கள் அடித்து, 15–14 என்று வென்றார். மறு ஆண்டு பேர்ஸ் நிர்வாகம் கோடி பார்க்கிக்கு 1.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதில் 90 லட்சம் உறுதிசெய்யப்பட்ட தொகை. 2019 ஜனவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவருடைய 43 யார்டு உதை, எதிரணி வீரரின் விரலில் உரசி, பக்கக் கம்பத்திலும் குறுக்குக் கம்பத்திலும் பட்டுத் திரும்பியது. பேர்ஸ் 16–15 என்று தோற்றது. கூல்டோ தம் வாழ்நாளில் பிளேஆஃப் உதை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. சிக்கனம் என்று தொடங்கியது இரட்டைச் செலவாக முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று என் நினைவில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் கிரீன் பே பேக்கர்ஸின் பொறுமை நிற்கிறது. மேசன் கிராஸ்பி 2012இல் 33 முயற்சிகளில் 21 மட்டுமே அடித்தபோதும், 2018இல் டெட்ராய்டில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஃபீல்டு கோல்களையும் ஒரு கூடுதல் புள்ளி உதையையும் தவறவிட்டபோதும், அணி அவரைக் கைவிடவில்லை. 2017 ஜனவரியில் டாலஸில் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் 56 யார்டிலிருந்தும் 51 யார்டிலிருந்தும் அடித்து 34–31 என்று வென்று கொடுத்தார். 2020இல் 16 முயற்சிகளில் 16. அந்த அணிக்கும் 2023இல் பொறுமை தீர்ந்தது. கிராஸ்பிக்குப் பதிலாக ஆறாம் சுற்றில் எடுத்த ஆண்டர்ஸ் கார்ல்சன், ஃபார்ட்டிநைனர்ஸிடம் 24–21 என்று தோற்ற பிளேஆஃப் ஆட்டத்தில் 41 யார்டு உதையைத் தவறவிட்டார். அடுத்த பருவத்துக்கு முன்பே அவரும் போனார்.

விசுவாசத்துக்கும் எல்லை உண்டு. அதைக் கோல்ட்ஸ் அணியே காட்டியது. 46 வயதில் வினாட்டேரி ஆடிய 2019 பருவத்தில் 25 முயற்சிகளில் 17 மட்டுமே உள்ளே போயின. ஆறு கூடுதல் புள்ளி உதைகளும் தவறின. முதல் வாரத்திலேயே சார்ஜர்ஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற ஆட்டத்தில் மூன்று உதைகள் வீணாயின. முழங்கால் காயம் அவரை டிசம்பரில் நிறுத்தும்வரை அணி மாற்று தேடத் தயங்கியது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் சில வாரங்கள் முன்னதாகவே முடிவெடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சரியான வாரம் எது என்பதுதான் சிக்கல். ஒரு பருவத்தில் கிக்கருக்குக் கிடைப்பது ஏறக்குறைய முப்பது முயற்சிகள். இரண்டு உதைகள் கம்பத்துக்கு வெளியே போனாலே வெற்றி விகிதம் ஏழு சதவீதம் சரிந்துவிடும். பந்தைப் பின்னால் எறிபவர், பிடித்து நிறுத்துபவர், உதைப்பவர் ஆகிய மூவரும் ஒன்றரை நொடிக்குள் முடிக்கும் வேலையில் ஒருவர் மாறினாலும் பாதிப்பு கிக்கரின் பெயரில்தான் எழுதப்படுகிறது. 2021இல் பந்தைப் பிடித்து நிறுத்துபவர் புதியவராகவும், எறிபவர் நடுவில் மாற்றப்பட்டவராகவும் இருந்தபோது கிராஸ்பியின் விகிதம் 73.5 சதவீதத்துக்கு இறங்கி, மறு ஆண்டு 86.2க்கு ஏறியது. ஆகவே ஒரு மோசமான பருவத்தை வைத்து வயதைக் குற்றம்சாட்டக் கூடாது. கால் வலு குறைவது நீண்ட தூர உதைகளிலும் ஆட்டத் தொடக்க உதைகளிலும்தான் முதலில் தெரியும். பிந்தையதைக் கோல்ட்ஸ் பல ஆண்டுகள் பண்டரான (பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் விடுபவர்) பாட் மெக்காஃபியிடம் ஒப்படைத்து, வினாட்டேரியின் காலைக் காப்பாற்றியது. மற்ற அணிகளும் பின்பற்றத்தக்க ஏற்பாடு அது.

முப்பத்தெட்டைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கொரு ஒப்பந்தம், குறைந்த உறுதித்தொகை, கோடைப் பயிற்சி முகாமில் உண்மையான போட்டி என்ற மூன்றும் சேர்ந்தால் விசுவாசமும் கணக்கும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இளைஞரைத் தேர்ந்தெடுத்த அன்றே மூத்தவரை அனுப்பாமல், முடிந்தால் முதல் ஆண்டு புதியவரைப் பயிற்சிக் குழுவில் வைத்திருந்து, குளிர்காலக் காற்றில் எப்படி உதைக்கிறார் என்று பார்த்துவிட்டு இடத்தைக் கொடுக்கலாம். பேட்ரியாட்ஸ் 2023இல் அப்படிச் செய்திருந்தால், டென்னசியில் நாற்பது வயதைத் தொட்ட 2024 பருவத்திலும் 22க்கு 21 அடித்த ஃபோக் அவர்களிடமே இருந்திருப்பார்.